காலத்தைத் தள்ளுவது எப்படிக் காலட்சேபம் ஆனது? வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் வீட்டுப் பெரியவர்கள் "ஏதோ காலட்சேபம் நடக்கிறது" என்றால் வயிற்றுப்பாடு ஒருவழியாக ஓடுகிறது என்று அர்த்தம். கோயில் பலகையிலோ "மாலை 6 மணிக்குக் காலட்சேபம்" என்று எழுதியிருக்கிறது. இரண்டில் எது சரியான பொருள்? (மன்னார்குடி வாசகர்)

பதில்: இரண்டும் சரி. இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. காலம் என்பதோடு க்ஷேபம் சேர்ந்தது காலக்ஷேபம். 'க்ஷிப்' என்ற வடமொழி வினைக்கு எறிதல், தள்ளுதல் என்று பொருள். ஒருவர் சொன்னதற்கு எதிராக நாம் ஒன்றை எறிவது ஆட்சேபம். சிதறிக் கிடப்பதை ஒன்றாகத் தள்ளிச் சேர்ப்பது சங்க்ஷேபம், அதாவது சுருக்கம். மனத்தை நாலா பக்கமும் எறிவது விக்ஷேபம். அப்படிக் காலத்தைத் தள்ளுவது காலக்ஷேபம். தமிழில் பிழைப்பு நடத்துவதைக் 'காலந்தள்ளுதல்' என்கிறோமே, சொல்லுக்குச் சொல் அதேதான்.

காலந்தள்ளுவது எப்படிச் சமய உரையானது? இதற்கு வைணவ மரபுக்குள் போக வேண்டும். சரணாகதி செய்துவிட்டவன் மோட்சத்துக்காக இனி எதையும் சம்பாதிக்க வேண்டியதில்லை என்பது அவர்கள் கொள்கை. ஆனால் சரீரம் விழும்வரை நாட்கள் மீதி இருக்கின்றன. அந்த மீதிக் காலத்தை எதில் தள்ளுவது? இது அவர்களுக்கு உண்மையான கேள்வி. குருபரம்பரை வழிவந்த செய்தியில் ராமானுஜர் இதற்கு ஆறு வழிகளைப் படிப்படியாகச் சொல்கிறார். பிரம்ம சூத்திரத்துக்கு அவர் எழுதிய உரையான ஸ்ரீபாஷ்யத்தைக் கற்றுப் பிறருக்கும் சொல்லலாம். அதற்குத் தகுதி இல்லையென்றால் ஆழ்வார்களின் அருளிச்செயலை, அதாவது பாசுரங்களைக் கற்றுச் சொல்லலாம். அதுவும் இயலாதென்றால் ஆழ்வார்கள் பாடிய தலங்களான திவ்யதேசங்களில் கைங்கரியம் (தொண்டு) செய்யலாம். திருநாராயணபுரத்தில் ஒரு குடில் கட்டிக்கொண்டு இருக்கலாம். சரணாகதியைச் சொல்லும் த்வய மந்திரத்தின் பொருளை நினைத்திருக்கலாம். எதுவுமே முடியாதவன், தன்னை 'நம்மவன்' என்று ஏற்றுக்கொள்ளும் ஓர் அடியாரை அண்டி வாழலாம். இந்த ஆறில் முதல் இரண்டும் கற்பதும் கற்பிப்பதும் என்பதால்தான் நூலோடு காலம் போக்குவதற்கே அந்தப் பெயர் நிலைத்தது.

இந்த நினைப்பு ராமானுஜருக்கும் முந்தியது. நான்முகன் திருவந்தாதியில் திருமழிசை ஆழ்வார் "தெரித்தெழுதி வாசித்தும் கேட்டும் வணங்கி வழிபட்டும் பூசித்தும் போக்கினேன் போது" என்கிறார். போது போக்குதல் என்றாலும் காலக்ஷேபம் என்றாலும் ஒன்றுதான். எழுதுவது, வாசிப்பது, கேட்பது மூன்றும் அந்த ஒற்றை வரியிலேயே இருக்கின்றன. காலட்சேபம் என்ற சொல்லுக்குத் தமிழில் இதைவிடச் சிறந்த விளக்கம் கிடையாது.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் கோயில் பலகை சொல்வதும் இங்கேதான் சந்திக்கின்றன. நாட்கள் எப்படியும் போகும். எதைப் பிடித்துக்கொண்டு போகின்றன என்பதில்தான் வேறுபாடு.

கேள்வி: எங்கள் கோயில் விழா அழைப்பிதழில் ஒரு வருடம் 'உபன்யாசம்', ஒரு வருடம் 'காலட்சேபம்', ஒரு வருடம் 'ஹரிகதை' என்று போடுகிறார்கள். வருபவரோ ஒரே பேச்சாளர். எப்படிப் போடுவது முறை? (காஞ்சிபுரம் வாசகி)

பதில்: பேசுபவர் யார் என்பதை விட்டுவிட்டு, நிகழ்ச்சி எப்படி நடக்கிறது என்று பாருங்கள்.

கிரந்த காலட்சேபம் என்பது பாடம். ஆசாரியர் ஒரு நூலை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை எதையும் தாண்டாமல் வாசித்துப் பொருள் சொல்வார். கேட்பவர் கையில் அதே நூல் இருக்கும். முதலில் ஆசாரியரையும் நூலையும் போற்றும் தனியன்கள், பிறகு முந்தைய நாள் விட்ட இடம், மூல வாக்கியம், அதன் பொருள், அதில் எழும் ஐயம், அதற்கு விடை என்று போகும், முடிவில் நிறைவாகச் சொல்லும் சாற்றுமுறை. சில மாதங்களில் முடியும் நூலும் உண்டு, வருடக்கணக்கில் போவதும் உண்டு. வடகலை மரபில் ஸ்ரீபாஷ்யம், கீதாபாஷ்யம், பகவத் விஷயம், ரஹஸ்யத்ரயஸாரம் ஆகிய நான்கையும் இப்படிக் கேட்டு முடிப்பதைப் பெரிய தகுதியாகக் கொள்கிறார்கள். தென்கலையில் திருவாய்மொழி உரையான ஈட்டோடு, மந்திரப் பொருளை விரிக்கும் பிள்ளை லோகாசாரியரின் ரகசிய நூல்களுக்கும், அவற்றில் ஸ்ரீவசனபூஷணத்துக்கும், முதன்மையான இடம் உண்டு. ரகசிய நூல்களைக் கேட்க, ஆசாரியரிடம் பெறும் தீட்சையான பஞ்ச சம்ஸ்காரம் ஆகியிருக்க வேண்டும் என்பது பொது நியதி. ஆகவே இதைத் தெருவெங்கும் ஒலிபெருக்கி கட்டி நடத்துவது வழக்கமில்லை.

'பகவத் விஷயம்' என்றால் திருவாய்மொழிக்கு எழுந்த வியாக்கியானம். அதில் தலையாயது ஈடு முப்பத்தாறாயிரப்படி. அந்த நூலே ஒரு காலட்சேபத்தின் பதிவு. திருவரங்கத்தில் நம்பிள்ளை பகலில் சொன்னதை அவருடைய சீடர் வடக்குத் திருவீதிப்பிள்ளை இரவில் ஏட்டில் எழுதிவைத்தார். 'படி' என்பது அளவு: ஒற்றெழுத்தை நீக்கி 32 எழுத்து கொண்டது ஒரு படி. 36,000 படி என்றால் 11,52,000 எழுத்து. திருவாய்மொழிப் பாசுரங்கள் 1,102. ஒரு பாசுரத்துக்குச் சராசரி ஆயிரம் எழுத்துக்கு மேல் விளக்கம் வருகிறது. இப்படி ஒரு நூலை வரி தாண்டாமல் சொல்ல எவ்வளவு காலம் பிடிக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 15ஆம் நூற்றாண்டில் மணவாள மாமுனிகள் திருவரங்கத்துப் பெரிய மண்டபத்தில் ஈடு காலட்சேபம் சொன்னது முழுதாக ஒரு வருடம் என்கிறது மரபு. ஆனி மூலத்தன்று நடந்த அதன் சாற்றுமுறையில்தான் 'ஸ்ரீசைலேச தயாபாத்ரம்' என்ற தனியன் பிறந்ததாகச் சொல்வார்கள்.

உபன்யாசம் வேறு. உப, நி என்ற முன்னொட்டுகளோடு 'எறிதல், இடுதல்' என்ற பொருளுள்ள வேர் சேர்ந்தது. பக்கத்தில் கொண்டுவந்து வைப்பது, அதாவது ஒரு கருத்தை எதிரே இருப்பவர் முன் எடுத்து வைப்பது. உட்கார்ந்து பேசுவார்கள். பக்கவாத்தியம் இல்லை. சுலோகமோ பாசுரமோ சொல்லி, ஒரு தலைப்பை ஒரு மாலையிலோ சில மாலைகளிலோ முடிப்பார்கள். கேட்பவருக்கு எந்த முன்தகுதியும் வேண்டாம்.

கதாகாலட்சேபம், ஹரிகதை இரண்டும் ஒன்றே. பாகவதர் நின்றுகொண்டு, பாடி, பேசி, வேண்டிய இடத்தில் நடித்துக் கதை சொல்வது.

உங்கள் கோயிலில் ஒருவர் உட்கார்ந்து வாத்தியம் இல்லாமல் மூன்று மாலை ராமாயணம் பேசுகிறார் என்றால் 'உபன்யாசம்' என்று போடுங்கள். 'காலட்சேபம்' என்று போட்டால் கையில் நூலோடு வருபவரும், பாட்டுக் கேட்க வருபவரும் ஏமாறுவார்கள்.

கேள்வி: எங்கள் ஊர் ராமநவமி உற்சவத்தில் பழைய முறைப்படி ஒரு கதாகாலட்சேபம் ஏற்பாடு செய்ய நினைக்கிறோம். மேடை, நேரம், வாத்தியம் எப்படி இருக்க வேண்டும்? இந்தக் கலை எங்கிருந்து வந்தது? (கும்பகோணம் விழாக் குழுவினர்)

பதில்: தஞ்சையில் மராட்டியர் ஆட்சி 1676 முதல் 1855 வரை. அந்தத் தொடர்பால் மராட்டியக் கீர்த்தன முறை இங்கே வேர்விட்டது. 19ஆம் நூற்றாண்டில் மோர்காம்கர் ராமச்சந்திர பாவா போன்ற மராட்டியக் கீர்த்தனகாரர்கள் தஞ்சைக்கு வந்து நடத்தியதைக் கேட்டு, அந்த உருவத்தைக் கர்நாடக இசையோடும் தமிழ்ப் பாட்டோடும் பிணைத்தவர் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர். தமிழ்நாட்டுக் கதாகாலட்சேபத்தின் முன்னோடி என்று அவரைத்தான் சொல்வார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பெண்கள் இந்த மேடையில் ஏறக்கூடாது என்ற எதிர்ப்பை மீறி நின்று பேர் வாங்கினார் சி. சரஸ்வதி பாய்.

மராட்டியக் கீர்த்தனத்துக்குப் பூர்வரங்கம், உத்தரரங்கம் என்று இரண்டு பகுதிகள். முதலாவதில் ஒரு பக்தரின் பதத்தை எடுத்துத் தத்துவத்தை நிறுவுவார்கள். இரண்டாவதில் அதற்குச் சான்றாக ஒரு கதை. தமிழில் முதற்பகுதியைப் பீடிகை என்கிறோம். இடையிடையே சாகி, திண்டி, ஓவி, அபங்கம், ஆர்யா என்ற மராட்டிய உருக்கள் வரும். அவற்றோடு விருத்தம், கீர்த்தனை, திருப்புகழ், சிந்து ஆகியவை தமிழ்ப்பக்கச் சேர்க்கை. அருணாசலக் கவியின் ராமநாடகக் கீர்த்தனைகளும், கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரமும் பாகவதர்களுக்குச் சுரங்கமாக இருந்தவை.

இனி ஏற்பாடு. பாகவதர் நடுவில், நின்றபடி. கையில் சிப்ளாக்கட்டை: உலோகச் சில்லுகள் பதித்த இரண்டு மரத்துண்டுகள், ஒரே கையில் பிடித்துத் தட்டுவது. பின்னால் பின்பாட்டுக்காரர், ஆர்மோனியம், மிருதங்கம், தம்புரா அல்லது சுருதிப்பெட்டி. ஆகக் குறைந்தது நான்கு பேர். அவர்கள் உட்கார்ந்தபின் பாகவதர் முன்னும் பின்னும் இரண்டு மூன்று அடி நடக்க இடம் இருக்க வேண்டும். பல இடங்களில் உபன்யாசத்துக்குப் போடும் சின்ன மேடையைப் போட்டு, நடுவில் நாற்காலியையும் வைத்துவிடுகிறார்கள். அப்புறம் பாகவதர் ஓரத்தில் ஒதுங்கி நிற்க, மிருதங்கக்காரருக்கு அவர் கையே தெரிவதில்லை. கையைப் பார்க்காமல் சிப்ளாவோடு சேர்ந்து வாசிப்பது கஷ்டம்.

சுருதியை ஒரு வாரம் முன்பே கேட்டு மிருதங்கக்காரரிடம் சொல்லிவிடுங்கள். ஆண் குரல் 1, 2 கட்டை என்றால் தக்கு மிருதங்கம். பெண் குரல் 5 கட்டைப் பக்கம் என்றால் ஹெச்சு மிருதங்கம். ஒன்றை மற்றொன்றுக்கு இழுத்துச் சேர்த்தால் நாதம் செத்துவிடும், தோலும் போகும்.

ஒலிபெருக்கியில்தான் அதிகம் கெடுகிறது. சிப்ளாவின் ஓசை கூர்மையானது. பாகவதர் அதை மார்பு உயரத்தில் தட்டுவார். சட்டையில் குத்தும் மைக் அதற்கு மிக அருகில் இருப்பதால் பேச்சை அது விழுங்கிவிடும். கம்பத்தில் நிற்கும் மைக்கை முகத்தருகே வைத்து, சிப்ளாக் கையைச் சற்று விலக்கிப் பிடிக்கச் சொன்னால் போதும். பின்பாட்டுக்கு ஒரு மைக், மிருதங்கத்துக்கு இரண்டு.

நேரம்: முன்பு இரவில் மூன்று நான்கு மணி நேரம் நடந்தது. இன்று இரண்டு மணி நேரமாவது கொடுங்கள். ஒரு மணி நேரம்தான் என்று வெட்டினால் பாகவதர் முதலில் கைவிடுவது பீடிகையைத்தான். பீடிகை போனால் எஞ்சுவது பாட்டோடு கூடிய வெறும் கதை. ராமநவமிக்குச் சீதா கல்யாணத்தை எடுத்தால் இரண்டு மணிக்குள் அழகாக அடங்கும். மங்களத்துக்கு முன்னால் நன்றியுரை, பொன்னாடை என்று மைக்கைப் பிடுங்காதீர்கள். மங்களம் பாடி முடித்த பிறகுதான் அவை எல்லாம்.

கேள்வி: தெலுங்குக்காரரான என் நண்பர் 'காலக்ஷேபம்' என்றால் பொழுதுபோக்கு என்கிறார். இந்தியில் 'உபன்யாஸ்' என்றால் நாவலாமே? (ஒசூர் வாசகர்)

பதில்: ஆம். தெலுங்குப் பேச்சு வழக்கில் காலக்ஷேபம் பொழுதுபோக்குத்தான். ஆனால் 'ஹரிகதா காலக்ஷேபம்' என்ற தொடரும் அங்கே உண்டு. ஆதிபட்ல நாராயண தாஸு (1864–1945) அந்தக் கலையின் பிதாமகராகப் போற்றப்படுபவர். உபன்யாஸ் இந்தியிலும் வங்காளத்திலும் நாவல். கன்னடத்தில் அது சொற்பொழிவு. கல்லூரி விரிவுரையாளரே அங்கு உபன்யாசகர். எடுத்து வைப்பது என்பது அடிப்படை. எதை எடுத்து வைப்பது என்பதை ஒவ்வொரு மொழியும் தன் போக்கில் தீர்மானித்துக்கொண்டது.

கேள்வி: 'பிரசங்கம்' கிறித்தவச் சொல்லா, சைவச் சொல்லா? 'அதிகப்பிரசங்கி'க்கும் அதற்கும் என்ன உறவு? (நாகர்கோவில் வாசகி)

பதில்: எந்தச் சமயத்துக்கும் தனிச் சொத்தில்லை. பிர என்ற முன்னொட்டோடு 'சங்கம்' (ஒட்டுதல், பற்றுதல்) சேர்ந்தது. ஒன்றை ஒட்டி மற்றொன்று வருவது, அதாவது சந்தர்ப்பம் என்பது முதற்பொருள். சந்தர்ப்பத்தை ஒட்டிப் பேசுவது அடுத்தது. தருக்க நூலில் அதிப்பிரசங்கம் என்றால் ஒரு வாதம் தன் எல்லையைத் தாண்டி நீள்வது. நம் அதிகப்பிரசங்கியும் எல்லை தாண்டிப் பேசுபவர்தானே.

புராட்டஸ்டன்ட் திருச்சபைகள் இந்தச் சொல்லை இறுகப் பிடித்துக்கொண்டன. மத்தேயு 5 முதல் 7 வரையுள்ள அதிகாரங்கள் மலைப்பிரசங்கம்; பழைய ஏற்பாட்டில் ஒரு நூலின் பெயரே 'பிரசங்கி'. கத்தோலிக்கர் பயன்படுத்தும் திருவிவிலியத்தில் இவை மலைப்பொழிவு, சபை உரையாளர். திருப்பலியில் நற்செய்தி வாசகத்துக்குப் பின் குரு ஆற்றுவது மறையுரை.

சைவத்தில் இந்தச் சொல்லுக்கு ஒரு நாள் குறிப்பே உண்டு. யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை, ஆறுமுக நாவலர் தம் முதல் பிரசங்கத்தைச் செய்தார். தொடர்ந்து வெள்ளிதோறும் நடத்தினார். பீட்டர் பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்பில் துணைநின்றவர் அவர். மிஷனரிகளின் மேடை முறையை நெருங்கிப் பார்த்து, அதையே சைவத்துக்குக் கொண்டுவந்தார். அதுவரை கோயிலில் இருந்தது ஏட்டைப் படித்துப் பொருள் சொல்லும் முறை. தலைப்பு ஒன்றை எடுத்து உரைநடையில் தொடர்ந்து பேசுவது அங்கே புதிது. 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் 'நாவலர்' பட்டம் கொடுத்தது.

'சொற்பொழிவு' 20ஆம் நூற்றாண்டில் பரவிய தமிழ்ச் சொல். காலட்சேபத்தில் எறிகிறார்கள், உபன்யாசத்தில் வைக்கிறார்கள், பிரசங்கத்தில் ஒட்டுகிறார்கள், தமிழில்தான் பொழிகிறார்கள். மழையை நினைத்து வைத்த பெயர். எனக்கு இந்தப் பெயர் மிகப் பிடிக்கும்.

கேள்வி: எங்கள் ஊர்க் கோயிலில் புராணம் படிக்கையில் ஒருவர் 'பயன்' சொல்வார். முஸ்லிம் நண்பர்கள் பள்ளிவாசலில் 'பயான்' என்கிறார்கள். இரண்டும் ஒரு சொல்லா? (யாழ்ப்பாண வாசகர்)

பதில்: காதுக்குத்தான் ஒன்று. உறவு இல்லை.

உங்கள் 'பயன்' தமிழ். புராண படனத்தில் இருவர் வேண்டும். ஒருவர் செய்யுளை இராகத்தோடு, சீர் பிரித்து வாசிப்பார். மற்றவர் அதன் பொருளைச் சொல்வார். செய்யுள் நமக்குத் தருவதைச் சொல்வதால் அது பயன். கந்த சஷ்டியில் கந்தபுராணம், திருவெம்பாவைக் காலத்தில் திருவாதவூரடிகள் புராணம் என்று எந்த நாளில் எந்த நூல் என்பது ஈழத்தில் இன்றும் ஒழுங்கோடு நடக்கிறது. வாசிப்பவர் சந்தியைத் தவறாகப் பிரித்தால் பயன் சொல்பவர் தடுமாறுவார். ஆகவே இருவரும் முதல் நாளே ஒருமுறை சேர்ந்து படித்துக்கொள்வது நல்லது.

'பயான்' அரபு. தெளிவு, தெளிவாக எடுத்துரைத்தல் என்று பொருள். குர்ஆனின் 55ஆம் அத்தியாயமான அர்ரஹ்மானில் 4ஆம் வசனம், இறைவன் மனிதனுக்குப் பயானைக் கற்றுக்கொடுத்தான் என்கிறது. பயானும் குத்பாவும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். குத்பா ஜும்ஆவின், அதாவது வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகையின் பகுதி. கதீப் (உரை நிகழ்த்துபவர்) மிம்பரில் (உரைமேடையில்) ஏறி இரண்டு பகுதியாக, நடுவில் சற்றே அமர்ந்தெழுந்து நிகழ்த்துவது; அதன்பின் இரண்டு ரக்அத் தொழுகை. குத்பா நடக்கும்போது பேசக்கூடாது. தமிழ்நாட்டில் பல பள்ளிவாசல்களில் குத்பா அரபியில் இருப்பதால், அதற்கு முன்பே தமிழில் பயான் செய்துவிடுவார்கள். சில இடங்களில் குத்பாவின் உரைப்பகுதியே தமிழில் நடக்கிறது. ஜும்ஆ அல்லாத நாட்களிலும் பயான் நடக்கும். செய்தியிலோ அழைப்பிதழிலோ எழுதும்போது வெள்ளிக்கிழமை என்ற காரணத்தால் எல்லாவற்றையும் குத்பா என்று எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: பாகவத சப்தாகத்தில் ஏழு நாட்களை எப்படிப் பிரிப்பது? கடைசி இரண்டு நாள் அவசர அவசரமாக முடிகிறது. (பாலக்காட்டுத் தமிழ் வாசகி)

பதில்: சாபத்தால் இறக்கவிருந்த பரீட்சித்து மன்னனுக்கு மிஞ்சியிருந்தது ஏழு நாள், சுக முனிவர் அவனுக்குப் பாகவதம் சொன்னதும் ஏழு நாள். காலட்சேபம் என்ற சொல்லுக்கு இதைவிட நேரான உதாரணம் இல்லை. பாகவதம் 12 ஸ்கந்தம் (பெரும் பகுதி), 335 அத்தியாயம், மரபுக் கணக்கில் 18,000 சுலோகம். அச்சுப் பிரதியில் எண்ணிட்ட சுலோகங்கள் இதைவிடக் குறைவாக இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பழைய எண்ணிக்கை 32 எழுத்துக்கு ஒன்று என்று போகும்.

வழக்கத்திலுள்ள நிறுத்தங்கள்: முதல் நாள் மனு–கர்தமர் உரையாடல்வரை. இரண்டாம் நாள் பரதர் சரிதம்வரை. மூன்றாம் நாள் ஏழாம் ஸ்கந்தம் முடிவு. நான்காம் நாள் கிருஷ்ண ஜனனம். ஐந்தாம் நாள் ருக்மிணி விவாகம். ஆறாம் நாள் ஹம்ஸ உபாக்கியானம். ஏழாம் நாள் பூர்த்தி. எண்ணிப் பார்த்தால் முதல் ஆறு நாட்களுக்கும் ஏறக்குறைய ஐம்பது ஐம்பது அத்தியாயம். ஏழாம் நாளுக்கு 31 மட்டும். பூர்த்திச் சடங்குக்கு நேரம் ஒதுக்கியே அப்படிப் பிரித்திருக்கிறார்கள்.

நாளுக்குச் சுமார் 2,570 சுலோகம். நிமிடத்துக்கு 6 என்று வாசித்தால் ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே மூல பாராயணத்தைக் காலையில் தொடங்கிப் பகலோடு முடித்து, உபன்யாசத்தை மாலைக்கு வையுங்கள். பாராயணம் நிறுத்தத்தைத் தவறவிடாது. தவறவிடுவது உபன்யாசம்தான்: முதல் இரண்டு நாள் கபிலரிலும் துருவனிலும் தங்கிவிட்டு, நான்காம் நாள் கிருஷ்ண ஜனனத்துக்குள் பிரகலாதன், கஜேந்திரன், வாமனன் எல்லோரையும் ஓட்டமாக ஓட்டுவது. அன்றன்று எந்தக் கதையில் நிறுத்தம் என்ற சீட்டை முன்கூட்டியே பேச்சாளர் கையில் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: காலட்சேபம், காலக்ஷேபம், காலட்ஷேபம், காலச்சேபம்: எது பிழை? (சென்னை, மெய்ப்புத் திருத்துநர்)

பதில்: காலக்ஷேபம் கிரந்த எழுத்தோடு மூல ஒலி. காலட்சேபம் தமிழ் எழுத்தில். லட்சம், பட்சணம், தட்சிணை போல 'க்ஷ' இங்கே 'ட்ச' ஆகிறது. இவை இரண்டும் சரி. ஒரே பக்கத்தில் இரண்டையும் கலக்காதீர்கள். காலட்ஷேபம் பாதி தமிழ், பாதி கிரந்தம், அடித்துவிடுங்கள். காலச்சேபம் வெறும் எழுத்துப்பிழை. தக்ஷனைத் தக்கன் என்று ஆக்கிய பழைய விதிப்படி காலக்கேபம் என்று எழுதலாமே என்று சிலர் கேட்பதுண்டு. விதி இடம் தருகிறது, வழக்கு தரவில்லை.